சுண்ணாம்பு பூசிய துருவம்

எங்கள் தாவரவியல் துறைக்குப் போன மாதம் ஒரு குளிர்பெட்டி வந்து சேர்ந்தது. கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரிகிறது. வெண்புகை போலக் குளிர் வெளியே வருகிறது. துருவப் பிரதேசத்துச் செடிகொடிகளை இனி முறையாக ஆராயலாம் என்று இளம் விரிவுரையாளர்கள் மகிழ்ந்துபோனார்கள். பழைய ஆள் என்பதால் என்னையும் அழைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர், "இதெல்லாம் இல்லாத காலத்துல துருவத் தாவரங்களை எப்படி சார் படிச்சீங்க?" என்று கேட்டார்.

"வெயிலில்" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும், ஆண்டு மலருக்கு எழுதித் தரும்படி சொன்னார். எழுதுகிறேன்.

1926 ஆனியில் நான் பரிசோதனைக்கூட உதவியாளனாகச் சேர்ந்தேன். கண்ணாடிச் சில்லு துடைக்கவும், சவரக் கத்தியால் தண்டை ஒளி ஊடுருவும் அளவுக்குச் சீவவும், மாணவர்கள் உடைத்த சாமான்களுக்குக் காரணம் எழுதவும் முதல் இரண்டு வருஷத்தில் பழகினேன். கடைசியாகச் சொன்னதில் மட்டும் எனக்கு நல்ல தேர்ச்சி என்று மேலிடத்தில் கருதினார்கள்.

மேலிடம் என்றால் பேராசிரியர் வைத்தியலிங்கம். சீமையில் படித்தவர். அங்கே ஒரு தாவரச் சேகரிப்பு நிலையத்தில், தென்துருவத்திலிருந்து கப்பலில் வந்த கல்பாசிப் பொட்டலங்களைப் பிரித்து அடுக்கும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. துருவத்தை அவர் பார்த்ததில்லை. பொட்டலங்களைப் பார்த்தார். மீதி ஆயுளுக்கு அது போதுமானதாக இருந்தது.

எனக்கு அவர் நடத்திய முதல் பாடம் சேலம் கடைவீதியில் வாங்கிய ஒரு பிடி கல்பாசியைக் கொண்டுதான்.

"செங்கோடன், இது என்ன?"

"கல்பாசிங்க சார். கறிக்குழம்புக்குப் போடறது."

"வடதுருவத்தில் இதன் உறவுக்காரனைப் பனிமான் தின்கிறது. பனிமானை மனிதன் தின்கிறான். இங்கே ஆட்டையும் இதையும் ஒரே சட்டியில் போட்டு நேரத்தை மிச்சப்படுத்துகிறீர்கள்." பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் அடுத்து வருவது முக்கியம் என்று பொருள். "இது ஒரு செடி அல்ல. இரண்டு உயிர். வெளியே காளான், உள்ளே பாசி. காளான் கல்லைப் பற்றிக்கொண்டு வீடு கட்டுகிறது, பனி ஈரத்தைக் குடித்துச் சேர்த்து வைக்கிறது. பாசி அந்த வீட்டுக்குள் இருந்துகொண்டு வெயிலில் சமைக்கிறது. உங்கள் ஊரில் வைத்த பெயரில் காளானுக்கு இடமே இல்லை. பெயரெல்லாம் பாசிக்குப் போய்விட்டது. சாப்பாடு பெரும்பாலும் காளானுக்குப் போகிறது."

பாறைமேல் படையாகப் படர்வதையும் நாங்கள் கல்பாசி என்றே சொல்லிவந்தோம். பனிப்பாளம் உருகிப் பின்வாங்கிய இடத்தில் வெறும் கல்தான் மிஞ்சுமாம். அங்கே முதலில் குடியேறுவது இதுதான். அது கல்லைப் பொடித்து, செத்து, மண்ணாகும். பிறகு விரிசலில் மெத்தை போலப் பூக்காத குறுஞ்செடி, அதன்மேல் சிறு புல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். எது எந்த வரிசையில், எத்தனை காலத்தில் வருகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. அதைச் சேலத்தில் உட்கார்ந்துகொண்டு எப்படிக் கேட்பது என்பது கல்லூரி முதல்வருடைய கேள்வி.

"துருவத்தில் தண்ணீர் உறைந்து கிடப்பதால் செடிக்குக் கிடைப்பதில்லை. நம் ஊரில் வராததால் கிடைப்பதில்லை. பாறையின் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்" என்று பேராசிரியர் பதில் சொன்னார். முதல்வர் பாறையின் பக்கத்திலிருந்து பார்த்துப் பழகாதவர். ஆனாலும் பஸ் செலவுக்கு மட்டும் அனுமதி கொடுத்தார்.

ஓமலூருக்கு மேற்கே, கரடு என்னும் மொட்டைக் குன்றின் அடியில், யானை படுத்தது போல ஒரு பாறை. ஊர்ப் பெயரை எழுதவில்லை. பின்னால் வரும் வழக்கில் மோதியவர்களின் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். பிரபவ வருஷம் தை மாதம், அதாவது 1928 தொடக்கத்தில், அந்தப் பாறையில் சில சதுரங்களை உளியால் கோடிட்டோம். பாதியை அப்படியே விட்டோம். பாதியை இரும்புத் தூரிகையால் சுரண்டி வெறுங்கல் ஆக்கினோம். வெறுங்கல்லில் யார் முதலில் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

அதன்பின் ஒவ்வொரு தை மாதமும் போனோம். முறை மாறவே மாறாது. வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும். மென்மையான தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துப் பாறையை நனைக்க வேண்டும். நனைந்ததும் சாம்பல் நிறப் படை மெல்லப் பச்சையாகும். காளானின் மேல்தோல் ஈரத்தில் தெளிந்து உள்ளிருக்கும் பாசி தெரியும். அந்தப் பச்சை மறைவதற்குள் மெழுகுத் துணியை விரித்து ஓரங்களை மையால் வரைய வேண்டும். கோடு போடும்போது நான் மூச்சை அடக்குவேன். அவர் காக்கி அரைக்கால் சட்டையும், தொப்பியும், முழங்கால்வரை காலுறையுமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இடது கையில் குடை பிடித்தபடி, "ஏறத்தாழ என்று ஒரு கோடு கிடையாது, செங்கோடன்" என்பார். தவறினால் திட்ட மாட்டார். "அப்படியா?" என்று மட்டும் கேட்பார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

ஆடு மேய்க்க வருகிறவர்கள் எங்களைப் பார்த்துவிட்டுப் போய் ஊரில் என்ன சொன்னார்களோ, நாங்கள் போகும்போதெல்லாம் ஒரு வரவேற்பு இருந்தது.

"பாறை சொறியற வாத்தியார் வந்துட்டாரு டோய்! ஏனுங்க வாத்தியாரே, போன வருசத்துக்கு இந்த வருசம் பாறை ஒரு சாணாவது வளந்துச்சுங்களா?"

"பாறை வளராது" என்று பேராசிரியர் பொறுமையாகச் சொல்வார். "அதன்மேல் இருப்பது வளரும். ஒரு நெல் கனம் வளர்ந்திருக்கிறது."

"நெல்லு கனமா! அப்ப அறுப்புக்கு ஆள் சொல்லிப்போடலாமுங்க."

இப்படி ஒன்பது வருஷம். சுரண்டிய சதுரங்களில் ஊசி குத்தியது போலச் சில புள்ளிகள் வந்திருந்தன. சீமையில் ஒருவருக்கும் இந்த நாட்டு வெறும்பாறையில் இதற்கு ஆகும் காலம் தெரியாது என்று பேராசிரியர் பெருமைப்பட்டார். சேலத்திலும் ஒருவருக்கும் தெரியாது; தெரிய வேண்டும் என்று யாரும் நினைக்கவுமில்லை, பாவாயம்மாள் வரும்வரை.

தாது வருஷம் மார்கழி, 1936. கல்லூரி வராந்தாவில், காலையிலிருந்து காத்திருந்ததாகச் சொல்லி அந்த அம்மாள் நின்றார். நடுவயது. வெள்ளைச் சேலை.

"கல்லுல பூத்திருக்கறதப் பாத்து அதுக்கு வயசு சொல்லுவீங்களாமே. மெய்தானுங்களா?"

பாறைக்குப் பக்கத்துத் தோட்டம் அவருடையது. தோட்டம் என்று சொல்லக் காரணம் அதிலிருந்த ஒரே கிணறு. அது போனால் மழை பார்த்து விதைக்கும் மேட்டுக்காடு மட்டுமே மிஞ்சும். புருஷன் காய்ச்சலில் படுத்தபோது வைத்தியத்துக்கு மாடுகளை விற்றார், புருஷனும் தங்கவில்லை. காரியம் முடிந்த கையோடு கிழக்கே அடுத்த தோட்டத்து ராசப்ப கவுண்டர், எல்லைக் கல் கிணற்றுக்கு மேற்கே இருக்கிறது, ஆகவே கிணறு தன்னுடையது என்றார். போய்ப் பார்த்தால் கல் கிணற்றுக்கு மேற்கேதான் இருந்தது.

"நான் வாக்கப்பட்டு வந்தப்ப அது கெழக்கால இருந்துச்சுங்க. கல்லுக்குக் காலு மொளச்சுதுன்னா கோர்ட்டுல சிரிக்கறாங்க. சர்வேயரு வந்தாரு. எந்தக் கல்லுல இருந்து அளக்கறதுன்னு அவருக்கே வெளங்கல."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். மறுநாளே போனோம்.

அந்த வரிசையில் இருந்த மற்ற எல்லைக் கற்களை முதலில் பார்த்தார். எல்லாவற்றிலும் வடக்கு முகத்தில் கல்பாசி அடர்ந்திருந்தது. வெயில் அதிகம் படாத பக்கம் அது. தெற்கு முகம் ஏறக்குறைய வெறுமை. பிறகு வழக்குக் கல்லுக்கு வந்தார். அதில் தெற்கு முகத்தில் அடர்ந்திருந்தது. கீழே மண்ணைச் சிறிது விலக்கினார். கல்பாசி மண்ணுக்குள்ளும் இறங்கிப் போயிருந்தது. வெளிச்சமில்லாத இடத்தில் அது வளர்ந்திருக்க முடியாது. பிடுங்கி, திருப்பி, முன்னைவிட ஆழமாக நட்ட கல் என்பதற்கு அதற்குமேல் எழுதி ஒட்டவா வேண்டும்?

நான் உடனே வரைய மெழுகுத் துணியை எடுத்தேன். அவர் கையமர்த்தினார். "நாம் தனியாக வரைந்தால் நாம் வரைந்தது என்பார்கள். கோர்ட்டு கமிஷனர் வந்து தம் கண்ணாலேயே பார்க்கட்டும். கல் எங்கே போய்விடப் போகிறது?"

கல் எங்கும் போகவில்லை.

மாசி மாதத்தில் கமிஷனர் வரும் நாள் குறித்தார்கள். ஊர் மணியக்காரருக்குத் தகவல் போயிற்று. மணியக்காரர் ராசப்ப கவுண்டருக்கும் வேண்டியவரல்லர், பாவாயம்மாளுக்கும் வேண்டியவரல்லர், சர்க்காருக்கு வேண்டியவர். ஜமாபந்தி என்னும் வருஷாந்தரக் கணக்குப் பார்க்க மேலதிகாரி வருமுன் எல்லைக் கற்களைத் தேய்த்துக் கழுவி வெள்ளையடித்து வைப்பது அவர் பரம்பரையாகச் செய்துவரும் கடமை. கோர்ட்டிலிருந்து அதிகாரி வருகிறார், அதுவும் கல்லைப் பார்க்கவே வருகிறார் என்றால் என்ன செய்வார்?

நாங்கள் போய் இறங்கியபோது காடு முழுவதும் எல்லைக் கற்கள் பல் துலக்கியது போல நின்றன. மணியக்காரர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார்.

"வாங்க சாமி. எல்லாத்தையும் தேங்கா நார் போட்டு, சாம்பல் போட்டுத் தேச்சு, ரெண்டு பூச்சு அடிச்சுப்போட்டமுங்க. கிளிஞ்சல் சுண்ணாம்பு. ஒரு கல்லுல அழுக்கு இருந்தா என்னையக் கேளுங்க."

பேராசிரியர் வழக்குக் கல்லின் முன் வெகு நேரம் நின்றார். பிறகு, "அப்படியா?" என்றார்.

"அப்பறமுங்க, உங்க பாறையில நீங்க கோடு போட்டு வெச்சிருந்தீங்களே, கட்டம் கட்டமா. அதும் கறை புடிச்சுக் கெடந்துச்சு. சொல்லாமயே அதையும் பண்ணிப்போட்டமுங்க. கோர்ட்டு அய்யா பாத்தா நாளைக்கு உங்களுக்குத்தானுங்க கொறச்சல்."

பாறைமேல் ஒன்பது வருஷத்துத் துருவப் பிரதேசம் வெள்ளைவெளேரென்று காய்ந்துகொண்டிருந்தது. பனி பெய்தது போலவே இருந்தது. அதை நான் சொல்லவில்லை.

கமிஷனர் எல்லாக் கற்களும் நல்ல நிலையில் இருப்பதாகக் குறித்துக்கொண்டார். மணியக்காரரைப் பாராட்டினார்.

பங்குனியில் பேராசிரியர் சாட்சிக் கூண்டில் ஏறினார். அவர் வகுப்பில் பேசுவது போலவே பேசினார், அதுதான் தொந்தரவு. ராசப்ப கவுண்டரின் வக்கீல் ஒல்லியானவர். கட்சிக்காரர்களுக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே கேட்டார்.

"கமிஷனரோடு போனபோது கல்லின்மேல் என்ன கண்டீர்கள்?"

"சுண்ணாம்பு."

"அதற்கு முன்பு பார்த்ததாகச் சொல்கிறீர்களே, அப்போது எங்கள் கட்சிக்காரர் உடன் இருந்தாரா?"

"இல்லை."

"யார் அழைத்துப் போனார்கள்?"

"வாதி."

"வெயிலில் போயிருப்பீர்கள். தாகத்துக்கு?"

"அந்த அம்மாள் மோர் கொடுத்தார்."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. வக்கீல் அத்தோடு விட்டிருக்கலாம். சிரிப்பு அவரைக் கொஞ்சம் கெடுத்துவிட்டது.

"நிற்க. தாங்கள் நிபுணர். இந்தக் கல்பாசி ஒரு செடியா?"

"இல்லை. இரண்டு உயிர்."

"ஒன்று என்று நினைத்துத்தான் என் வீட்டில் குழம்பில் போடுகிறார்கள். இரண்டும் ஒரே இடத்திலா இருக்கின்றன?"

"ஆம். காளான், பாசி."

"அப்படியானால் அந்த இடம் யாருடையது? காளானுடையதா, பாசியுடையதா? எது சொந்தக்காரன், எது குடிவாரக்காரன்?"

மறுபடி சிரிப்பு. முன்சீப் மட்டும் சிரிக்காமல் முன்னால் சாய்ந்தார். "சாட்சி பதில் சொல்லட்டும்."

"அப்படிப் பிரிக்க முடியாது" என்றார் பேராசிரியர். "காளான் வீடு கொடுக்கிறது, ஈரம் சேர்க்கிறது. பாசி உணவு கொடுக்கிறது. இரண்டும் சேர்ந்திருப்பதால்தான் துருவத்து வெறுங்கல்லில்கூட வாழ முடிகிறது. ஆனால்—"

"போதும்" என்றார் வக்கீல்.

"ஆனால் இதில் இன்னொரு பாதி—"

"கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது."

முன்சீப் பேனாவைக் கீழே வைத்தார். அவருக்கு முகம் மலர்ந்திருந்தது. வெறுங்கல்லில் இரண்டு உயிர் ஒற்றுமையாக வாழும்போது, தண்ணீர் உள்ள கிணற்றை வைத்துக்கொண்டு இரண்டு மனிதர்கள் ஏன் சண்டையிட வேண்டும் என்று கேட்டார். அம்மாளிடம் மாடு இல்லை. கவுண்டரிடம் மாடு இருக்கிறது. கிணறு பொது; கவுண்டர் தம் மாடு பூட்டிக் கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைக்கட்டும்; ஒரு நாள் அவருக்கு, ஒரு நாள் அம்மாளுக்கு. இரண்டு வக்கீல்களும் எழுந்து இதைவிட அழகான யோசனை இருக்க முடியாது என்றார்கள். கோடை விடுமுறை நெருங்கிக்கொண்டிருந்தது. சமரசம் எழுதப்பட்டது. பயிர் கருகிக்கொண்டிருந்த பாவாயம்மாள் கைநாட்டு வைத்தார். முழுக் கிணறும் தன்னுடையது என்று வந்தவருக்குப் பாதிக் கிணறு கிடைத்தது. கல்லைப் பிடுங்கி நட்டவருக்கும் பாதி கிடைத்தது. நியாயம் சரிபாதியாக வழங்கப்பட்ட வழக்கு அது.

வெளியே புளியமரத்தடியில் அந்த அம்மாள் பேராசிரியரிடம் வந்தார்.

"சாமி, உள்ள என்னமோ பாதி சொன்னீங்க, மீதிய அவிய சொல்ல உடல. அது என்னங்க?"

பேராசிரியருக்குப் பேசத் தயக்கமாக இருந்தது. "ஆராய்ச்சிக்காரர்களில் இன்னொரு கட்சி உண்டு, அம்மா. அவர்கள் அதை ஒற்றுமை என்று சொல்வதில்லை. காளான் பாசியைப் பிடித்து அடைத்து வைத்து, அது சமைப்பதை உறிஞ்சுகிறது என்கிறார்கள்."

"நீங்க எந்தக் கட்சிங்க?"

"அந்தக் கட்சிதான்."

"இதைய மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே."

"விடவில்லை, அம்மா."

அவர் கைநாட்டு மையைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். "அந்தப் பாசி தனியாப் பொழைக்குமுங்களா?"

"பிழைக்கும். கொஞ்சம் ஈரம் இருந்தால் பாசி தனியாகவே பிழைக்கும். காளானால்தான் தனியாக முடியாது."

"வாரேனுங்க" என்று போய்விட்டார்.

பஸ்ஸில் திரும்பினோம். கல்லூரி வாசலில் இறங்கும்போது பேராசிரியர், "மோர் குடித்திருக்கக்கூடாது" என்றார்.

அடுத்த தை மாதம் போகலாமா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. யுத்தம் வந்தது, அவர் ஓய்வு பெற்றார். அவருக்குப்பின் வந்தவர் கரும்பை ஆராய்ந்தார். கரும்புக்கு முதல்வரிடம் மரியாதை இருந்தது.

விய வருஷம் தை, 1947. பேராசிரியர் ஒரு நாள் கைத்தடியோடு என் வீட்டு வாசலில் நின்றார். "தை பிறந்துவிட்டது, செங்கோடன். தூரிகை இருக்கிறதா?"

பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் போனோம். அது நாங்கள் நடந்திருக்கக்கூடிய வேகத்தில் போயிற்று. பாறையில் ஏற அவருக்கு என் தோள் தேவைப்பட்டது. சுண்ணாம்பில் பெரும்பகுதி மழையில் போயிருந்தது. ஆனால் அது பிடித்திருந்த இடங்களில், உளிக்கோட்டுக்குள் சதுரம் சதுரமாக, எங்களுக்கு முன்பின் தெரியாத ஒரு கல்பாசி வந்திருந்தது. சாம்பல் நிறமல்ல; நல்ல மஞ்சள் காவி. சுற்றியுள்ள பாறையில் அதன் சுவடே இல்லை.

அவர் முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "துருவக் கரையில் கடற்பறவைகள் கூடும் பாறைகளில் இந்த நிறம் வரும். சீமையில் பொட்டலத்தில் பார்த்திருக்கிறேன். அங்கே பறவை எச்சம் செய்ததை இங்கே மணியக்காரரின் சுண்ணாம்பு செய்திருக்கிறது!" நாங்கள் ஒன்பது வருஷம் பார்த்துப் பார்த்துச் செய்ததில் கிடைக்காத ஒன்று, ஒருவர் பார்க்காமல் செய்ததில் கிடைத்திருந்தது. அதை எழுதி அனுப்பினால் சீமையில் அச்சிடுவார்கள் என்றார். மணியக்காரருக்கு நன்றி சொல்லித் தொடங்க வேண்டும் என்றார். மணியக்காரர் அதற்குள் காலமாகியிருந்தார்.

நான் வரைந்துகொண்டிருந்தபோது பாவாயம்மாள் பாறையடிக்கு வந்தார். நரைத்திருந்தார். கையில் சொம்பு.

"மோருங்க. இப்ப கேசு ஒண்ணுமில்ல, தைரியமாக் குடிங்க."

பேராசிரியர் குடித்தார். கிணறு எப்படி இருக்கிறது என்று கேட்டார். கேட்கப் பயந்துகொண்டு கேட்டார் என்பது எனக்குத் தெரிந்தது.

"சமரசம் நல்லாத்தானுங்க நடந்துச்சு. அவர் மொறைக்கு மாடு நல்லா நடக்கும். என்ற மொறைக்கு மட்டும் மாட்டுக்குக் காலு நோவு வந்துரும். கவுண்டரு வந்து, பாவம், வாயில்லாச் சீவனுன்னு கண்ணத் தொடச்சுக்குவாரு. நான் ஒண்ணும் பேசல. ஒரு கண்ணுக்குட்டி வாங்கி, அப்பறம் இன்னொண்ணு, பொறந்த ஊட்டுல உட்டு வளத்தனுங்க. முந்தா வருசம் வெக்கை நோவு வந்துச்சு பாருங்க, கவுண்டர் மாடு நாலும் போயிருச்சு. என்ற சோடி அங்க இருந்ததுனால தப்பிச்சுது. இப்ப ஓட்டியாந்துட்டேன்."

தோட்டத்துப் பக்கம் பார்த்தோம். கவலை இறைக்கும் சத்தம் கேட்டது. மேட்டில் ஒரு கிழவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு காத்திருந்தார். ராசப்ப கவுண்டர்.

"இன்னைக்கு அவர் மொறைங்க" என்றார் பாவாயம்மாள். "காத்தாலயே வந்து உக்காந்திருக்காரு. மாட்டுக்குக் காலு நோவுன்னு சொல்லியுட்டிருக்கறன். என்ற காட்டுக்கு இன்னும் ரெண்டு பாத்தி இருக்குது, அது பாஞ்சா நோவு சரியாப்போயிரும். பத்து வருசம் நான் பாசியா இருந்தனுங்க சாமி. இப்ப அவரு பாசி."

பேராசிரியர் சொம்பைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் பழைய வகுப்பறைக் கண்டிப்பு வந்தது.

"அம்மா, நீங்கள் சொல்வது விஞ்ஞானத்துக்கு ஒத்துவராது. கல்பாசியில் அப்படி நடக்காது. பாசி எந்நாளும் காளான் ஆகாது."

"ஆகாதுங்களா?" பாவாயம்மாள் சொம்பை எடுத்துக்கொண்டு பாறையை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். "அதனாலதானுங்க அது இன்னும் கல்லு மேலயே கெடக்குது."